அண்ணியின் அட்டை

அந்தச் சலவைக்கூடத்தில் முகத்தைப் பார்த்து வேலை கொடுக்கும் பழக்கம் கிடையாது. அட்டையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்க நினைத்தாலும் முடியாது என்பது வேறு விஷயம். தலையில் தொப்பி, மூக்கையும் வாயையும் மறைக்கும் துணி, கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளை அங்கி. வெளியே தெரிவது இரண்டு கண்களும் கழுத்தில் தொங்கும் அட்டையும்தான். வாசலில் இருக்கும் மெஷினுக்குக் கண்கள் தேவையில்லை. அட்டையைக் காட்டினால் 'கீக்' என்று ஒரு சத்தம் போடும். ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரிகளின் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, வெளுத்து, இஸ்திரி ஆகி, மடிந்து, மறுபடி வண்டி ஏறும் இடம் அது. எல்லாம் நேரத்துக்கு நடக்கும். லீவு கிடைப்பது மட்டும்தான் நடக்காத காரியம். லீவு என்று மேனேஜர் முன்னால் போய் நின்றால், அவர் சொத்தில் பாதியை எழுதித் தரச் சொன்னதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். "எதுக்கு? உனக்கேவா? நீ போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்டவளே 'எனக்கு லீவே வேண்டாம் சாமி' என்று திரும்பி வந்துவிடுவாள்.

இதற்கு சூப்பர்வைசரம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மெஷின் இரைச்சலுக்கு மேல் விசிலை ஊதி ஊதியே ஆட்களை மேய்ப்பவள் அவள். அதனால் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். அவள் போட்ட சட்டம் இதுதான்: "அட்டை உள்ள வந்தாகணும். அட்டைக்குப் பின்னாடி வேலை தெரிஞ்ச ஒரு ஆள் வந்தாகணும். அது யாருன்னு நான் கேக்கமாட்டேன்." ஆகவே அக்காவுக்குப் பதில் தங்கை, மாமியாருக்குப் பதில் மருமகள் என்று அட்டைகள் கழுத்து மாறிக்கொண்டே இருந்தன. இதைத் தப்பு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்குவது போலத்தான் அது.

அங்கே மாலை ஷிப்டில் ரோலரில் நின்றவள்தான் நம் ரோலர்காரி. ரோலர் என்பது ஈரத் துணியை விழுங்கித் தேய்த்து அனுப்பும் பெரிய சூடான உருளைகள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருக்கம் இல்லாமல் உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கம் விரிப்பு அப்பளம் போலத் தட்டையாக வந்து விழும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதைத் தொட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். ஆனால் அது வெகு நாட்களாகத் தொட்டாலும் நிற்பதில்லை, திட்டினாலும் நிற்பதில்லை.

கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் ரோலர்காரி. அண்ணன் டயர் கடையில் வேலை பார்த்தான். அண்ணிக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை, காலை ஷிப்டில், மடிப்பு மேஜையில். இருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு சண்டையாவது இல்லாவிட்டால் சோறு இறங்காது. குளியலறையில் சோப்பைத் தண்ணீரில் ஊறப் போட்டது யார் என்பதில் தொடங்கி, ஜன்னலைச் சாத்தியது யார் என்பதில் வந்து முடியும். ஆனால் வெளியாள் யாராவது ஒருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவள் வரிந்து கட்டிக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் அண்ணி ரகசியமாக வந்து கேட்டாள்.

"நாளைக்குக் காலைல என் அட்டையை மாட்டிக்கிட்டுப் போறியா?"

"எதுக்கு அண்ணி?"

"சத்தம் போடாதே. உங்க அண்ணனுக்குத் தெரியக்கூடாது. எனக்கு டிரைவிங் டெஸ்ட்."

ரோலர்காரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மடிப்பு மேஜையில் நின்று நின்று அண்ணிக்குக் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும்தான். லைசென்ஸ் எடுத்துவிட்டால் கம்பெனி வண்டிக்கு மாறிவிடலாம் என்று அண்ணி யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் மறைத்ததற்கும் காரணம் இருந்தது. ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் டயர் மாட்டுகிற அவனுக்கு வண்டி ஓட்ட வராது. டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். பொண்டாட்டி முதல் தடவையிலேயே தேறிவிட்டால் அவன் முகத்தை எங்கே கொண்டு வைப்பான் என்பது அவள் கவலை.

"அண்ணனைவிட மோசமா ஓட்டவா போறீங்க, தைரியமாப் போயிட்டு வாங்க" என்று அட்டையை வாங்கிக்கொண்டாள் ரோலர்காரி.

மறுநாள் காலை ரோலரில் நிற்க வேண்டிய ஒருத்தி வரவில்லை. வெளியே ஹோட்டல் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. விசிலக்கா மடிப்பு மேஜையில் நின்றவளைப் பார்த்து விசிலை ஊதி, கையால் ரோலர் பக்கம் காட்டினாள். ரோலர்காரி போய் நின்றாள். பழகிய வேலைதானே. நாலைந்து விரிப்புகள் போன பிறகு ஒரு முனை உள்பக்கமாக மடிந்தது. அதை இழுத்து நேராக்கக் கை போனது. கம்பியில் கை பட்டது. மெஷின் நிற்கவில்லை.

கண் விழித்தபோது வலது கை முழுவதும் கட்டு. கட்டிலின் கால்மாட்டில் அண்ணியின் பெயர் எழுதித் தொங்கியது. கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்துப் பதிந்திருந்தார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அழுதுகொண்டே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நடந்த கூத்து பிறகுதான் தெரிந்தது. கம்பெனியிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்து, "உங்க சம்சாரத்தோட கை மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். கைகால் ஓடாமல் அவன் பொண்டாட்டியின் போனுக்கே அடித்திருக்கிறான். அவள் எடுத்ததும், "ஐயோ, உனக்குக் கை போயிடுச்சாமே!" என்று அவளிடமே கதறியிருக்கிறான். அவள், "எனக்கு இல்லங்க, அவளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் நீ ஏன் வேலையில் இல்லை என்று அண்ணன் கேட்டதற்கு, பல் டாக்டரிடம் போனேன் என்று ஒரு புளுகு. அன்றிலிருந்து அவன் எந்தப் பல், எந்தப் பல் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"டெஸ்ட் என்னாச்சு அண்ணி?" என்று ரோலர்காரி காதோடு கேட்டாள்.

"ஃபெயில்" என்று சொல்லிவிட்டு அண்ணி பழத்தில் கண்ணாக இருந்தாள்.

அந்த ஒரு சொல் ரோலர்காரியின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் தைத்தது உண்மை. என் கையைக் கொடுத்து இவளை அனுப்பினேனே, தேறியாவது வந்திருக்கக் கூடாதா? வெளியே சொல்ல முடியாத கோபம் அது. நியாயமில்லாதது என்று அவளுக்கே தெரிந்த கோபம்.

கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்து, பிறகு விடாமல் பயிற்சி கொடுத்தால் மடங்கும் என்றார் டாக்டர். "தள்ளிப் போட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்" என்றும் சொன்னார். அதற்கு ஆகும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். டயர் கடையில் வேலை பார்க்கும் அண்ணனால் தாங்கக்கூடிய செலவல்ல.

மேனேஜர் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பழக்கூடையோடு. உட்கார்ந்து, மிக இனிமையாக விளக்கினார்.

"அட்டைப்படி அன்னிக்கு வேலைக்கு வந்தது நீங்க" என்று அண்ணியைக் காட்டினார். "உங்க கை நல்லா இருக்கு. அடிபட்டது இவங்களுக்கு. ஆனா இவங்க அன்னிக்குக் காலைல வேலைக்கே வரலை. அப்படிப் பாத்தா எங்க கம்பெனியில அன்னிக்கு யாருக்கும் அடிபடலைம்மா."

எதிரே கட்டுப்போட்ட கை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

"நானும் மனுஷன்தான்" என்று மேனேஜர் தொடர்ந்தார். "இதை இத்தோட விட்டுட்டா மடிப்பு மேஜையில உங்க இடம் அப்படியே இருக்கும். கிளறினீங்கன்னா, அடுத்தவங்க அட்டையைக் காட்டி ஏமாத்தி உள்ள வந்தது, குடுத்து அனுப்பினது, எல்லாம் வெளிய வரும். ரெண்டு பேர் வேலையும் போயிடும். போலீஸ் வரைக்கும் போகும். யோசிச்சுக்குங்க."

அவர் போனதும் ரோலர்காரி முடிவெடுத்துவிட்டாள். விரல் போனால் போகிறது, அண்ணியின் வேலையாவது மிஞ்சட்டும். அந்த வீட்டில் பாதி உலை கொதிப்பதே இப்போது அண்ணி சம்பளத்தில்தான். "விட்டுடலாம் அண்ணி" என்றாள்.

அண்ணி அப்போது அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை போன நாளிலிருந்து அது அண்ணியின் வேலையாகிவிட்டது. மடிப்பு மேஜையில் போர்வையை இழுத்து மடிப்பது போலவே முடியையும் இழுத்துப் பின்னுவாள். புருவம் இரண்டும் மேலே ஏறிவிடும்.

"விடறதா? இன்னும் எத்தனை காலத்துக்கு நான் உனக்குத் தலை பின்னறது? நாளைக்கு நீ என்கூட வர்றே" என்று பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள் அண்ணி.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் நர்ஸ் ஒரு முகவரி கொடுத்திருந்தாள். தொழிலாளிகளுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல்களின் அலுவலகம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே குறுகலான மாடிப்படி, மேலே ஒரு அறை, அலமாரி நிறையக் கட்டுக்கட்டாகக் காகிதம். வக்கீலம்மாவுக்குத் தீராத ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாகத்தான் பேசினாள். ஆனால் காது மட்டும் கூர்மை. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுக் கதையையும் கேட்டாள்.

கடைசியில் ரோலர்காரி, "நாங்க பண்ணது தப்புதாங்க. அதனால எங்களுக்குக் கேக்க உரிமை இல்லைன்னா சொல்லிடுங்க, போயிடறோம்" என்றாள்.

வக்கீலம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகச் சொன்னாள். "இடம் அவங்களோடது. மெஷின் அவங்களோடது. நிக்காத கம்பியும் அவங்களோடது. நீங்க தேய்ச்ச துணிக்குக் கூலி வாங்கினவங்களும் அவங்கதான். அட்டை மாறினா கை மாறிடுமா? தெரிஞ்சேதான் வேலை வாங்கினாங்கன்னு காட்டிட்டா, உங்க ஆபரேஷனும் நஷ்டஈடும் அவங்க பொறுப்பு. சூப்பர்வைசருக்கு நீங்க யாருன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"கேட்டா சொல்லுவாங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசிலக்கா கெட்டவள் அல்ல. ஆனால் அவள் சம்பளத்தை நம்பிப் படுக்கையில் கிடக்கும் அம்மாவும் படிக்கும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். மற்ற பெண்களும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு அட்டையைப் பற்றிச் சொன்னால் எல்லார் அட்டையும் சந்திக்கு வந்துவிடும்.

"சரி, பாக்கலாம்" என்றாள் வக்கீலம்மா. "விசாரணைக்கு வரும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஒண்ணும் சேக்காதீங்க, ஒண்ணும் மறைக்காதீங்க. அது போதும்."

தலையாட்டிவிட்டு வந்தார்கள். ஆனால் படி இறங்கும்போதே ரோலர்காரி மனதுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டாள். அண்ணிக்குத் தெரியாமல் நானாகவே அட்டையை எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லிவிட்டால், பழி தன்னோடு போய்விடும். அண்ணியின் வேலை தப்பிக்கும். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அண்ணியும் இதே போல் ஒன்றை மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டிருந்தாள் என்பது இவளுக்குத் தெரியாது.

விசாரணை தொழிலாளர் அலுவலகத்தின் பின்பக்க அறையில் நடந்தது. நீள மேஜை, ஒரு ஜாடித் தண்ணீர், கடகடவென்று ஓடும் மின்விசிறி. நடுவில் அதிகாரி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். ஒருபக்கம் மேனேஜரும் விசிலக்காவும். விசிலக்காவின் கழுத்தில் அன்று விசில் இல்லை. அது இல்லாமல் அவள் பாதியாக இளைத்ததுபோல் தெரிந்தாள். அண்ணன் பின்வரிசை நாற்காலியில், டயர் கடைக் கறை போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேனேஜர் முதலில் பேசினார். எங்களுக்கு எதுவும் தெரியாது, தொப்பியும் முகத்துணியும் போட்டிருந்தால் யாரென்று எப்படித் தெரியும், அட்டையை நம்பினோம், ஏமாந்தோம் என்றார். அவர் ஏமாந்ததைச் சொன்ன விதத்தைக் கேட்டால் கையில் அடிபட்டது அவருக்குத்தானோ என்று தோன்றும்.

அதிகாரி விசிலக்காவைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணு மட்டும்தான் சார் தெரியும். நான் அட்டையைத்தான் பாத்தேன்" என்றாள்.

பிறகு ரோலர்காரியின் முறை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க அண்ணிக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க. அவங்க தூங்கிட்டு இருந்தப்போ நானேதான் அட்டையை எடுத்துட்டுப் போனேன்."

வக்கீலம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"பொய் சார்! பச்சைப் பொய்! இவ மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் மிரட்டி, போகலைன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவேன்னு சொல்லி அனுப்பினேன்."

"எப்ப மிரட்டினீங்க? வாயில வந்ததைச் சொல்லாதீங்க அண்ணி!"

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே."

"கை என்னுது. நான்தான் பேசுவேன்!"

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் செய்யவில்லை, அவள்தான் செய்தாள் என்று அடித்துக்கொண்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நான்தான் செய்தேன் என்று ஒரு நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்வது அவருக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணிக்கு வேகம் வந்துவிட்டது. "சார், நீங்களே யோசிச்சுப் பாருங்க. இவ திருட்டுத்தனமா என் அட்டையை மாட்டிக்கிட்டு நான்னு நடிச்சிருந்தா, என் மடிப்பு மேஜையிலதானே நின்னிருக்கணும்? என்னை ரோலர்ல யாராவது நிறுத்துவாங்களா? வேலைக்குச் சேந்த புதுசுல ஒருநாள் நிறுத்தினாங்க. போர்வையோட சேத்து என் அங்கியோட நாடாவையும் உள்ள விட்டேன். நல்லவேளை, நாடா அறுந்துபோச்சு. அன்னிலேந்து நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாலே விசிலக்கா ஊதி விரட்டுவாங்க. இவளே எத்தனை நாள் என்னைக் கிண்டல் பண்ணியிருக்கா!"

"ஆமா, இப்ப அதைச் சொல்லித்தான் ஆகணுமா?" என்றாள் ரோலர்காரி, அவள் மானத்தையும் காப்பாற்ற நினைத்து.

வக்கீலம்மாவின் கண்கள் திறந்துகொண்டன. ஜலதோஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் கைக்குட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, மிக மெதுவாக விசிலக்கா பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு கேள்வி. மடிப்பு மேஜை அட்டையோட வந்தவங்களை அன்னிக்கு ரோலருக்கு அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"அது அண்ணின்னு நினைச்சு அனுப்பினீங்களா? ரோலர் பக்கமே விடக்கூடாதுன்னு நீங்களே விரட்டினவங்களை, கம்பியும் வேலை செய்யாத மெஷின்ல நிறுத்தினீங்களா? இல்லை, ரோலர் வேலை தெரிஞ்சவங்கன்னு தெரிஞ்சே அனுப்பினீங்களா?"

மேனேஜர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, எந்தப் பதிலும் தன் தலையில்தான் விடியும் என்று புரிந்து மூடிக்கொண்டார். விசிலக்கா நிமிர்ந்தாள். ரோலர்காரியின் கையைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"தெரியும் சார்" என்றாள். "முகத்தை மூடினா என்ன, அவ நடந்து வர்றதைப் பாத்தாலே தெரியும். ரோலர்ல ஆள் இல்லை, வண்டி வெளிய நிக்குது. இவளைப் பாத்ததும் எனக்கு நிம்மதியாப் போச்சு. நான்தான் போன்னு சொன்னேன். அட்டை மாத்திக்கிறது எங்க கூடத்துல எப்பவும் நடக்கறதுதான். எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். வேலை நடந்தா சரின்னு இவரும் கண்டுக்கமாட்டார். கம்பி நிக்கலைன்னும் இவர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு."

சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். அன்றிலிருந்து தூக்கமில்லாமல் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தவளின் மூச்சு அது. ரோலர்காரிக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த மூச்சோடு போய்விட்டது.

மேனேஜர் கடைசியாக ஒரு கல் எறிந்து பார்த்தார். "சார், இந்தம்மா எதுக்கு லீவு போடாம ஆளை அனுப்பினாங்கன்னு கேளுங்க. அன்னிக்கு வேற கம்பெனியில வேலைக்குப் போயிருக்காங்க. எனக்குத் தகவல் இருக்கு."

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். அண்ணி பின்வரிசையைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டிரைவிங் டெஸ்டுக்குப் போனேன் சார்" என்றாள் சின்னக் குரலில்.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"அதுக்கு அத்தாட்சி?" என்றார் மேனேஜர், விடாமல்.

"அந்த டெஸ்ட் எடுத்த ஐயாவைக் கேளுங்க. அவர் என்னை மறந்திருக்கவே மாட்டார்." அண்ணியின் குரல் உடைந்தது. "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்கன்னார். எங்க வீட்டுக்காரர், உனக்குக் கை போச்சுன்னு என்கிட்டயே அழறார். எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுடுச்சு, என் அட்டை யார் கழுத்துல இருக்குன்னு. கதவைத் திறந்து இறங்கி ஓட ஆரம்பிச்சுட்டேன். வண்டியும் அவரும் ரோட்டோரம் அப்படியே நின்னாங்க. அம்மா, அம்மான்னு பின்னாடி கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். ஓட்டறதுக்காகக் கழட்டி வச்ச செருப்புகூட அந்த வண்டியிலதான் சார் கிடக்கும்."

ரோலர்காரி அண்ணியையே பார்த்தாள். ஆஸ்பத்திரி ஸ்டூலின் கீழே வெறுங்காலாக இருந்த அந்தப் பாதங்கள் அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தன. மருந்து மயக்கத்தில் பார்த்திருந்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மனதில் இத்தனை நாள் தைத்திருந்த முள் கழன்று விழுந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அழுகை வந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மேனேஜரிடம் சொன்னதில் சுற்றி வளைத்தல் எதுவும் இல்லை. ஆபரேஷன் செலவு, கை குணமாகும்வரை சம்பளம், நஷ்டஈடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. அட்டை மாற்றம் கம்பெனியே வளர்த்த பழக்கம், அதைச் சொல்லி இந்த மூன்று பெண்களில் ஒருவர் வேலையில் கைவைத்தாலும் அடுத்த விசாரணை அதைப் பற்றித்தான். கம்பியைச் சரிசெய்யாமல் ரோலர் ஓடக்கூடாது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா எழுதவில்லை. வக்கீலம்மா தன் பேனாவை நீட்டிவிட்டு, பலமாக ஒரு தும்மல் போட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றபோது ரோலர்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடலாம் என்றாள் வக்கீலம்மா. விசிலக்கா தயங்கித் தயங்கித் தூரத்தில் நின்றாள். ரோலர்காரி இடது கையால் அவளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் பொண்டாட்டியின் முன்னால் வந்து நின்றான். "இத்தனை நாளா எந்தப் பல்லுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே" என்றான். கோபப்படத்தான் நினைத்தான். அது வரவில்லை. "நானாவது ரெண்டு தடவையும் வண்டியோட திரும்பி வந்தேன். நீ டெஸ்ட் எடுக்க வந்தவரையே ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கே" என்றான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான்.

"ஏன் அண்ணி என்கிட்ட ஃபெயில்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் ரோலர்காரி.

"பாதியில ஓடி வந்தேன்னு சொன்னா நீ அதுக்கும் சேத்து அழுதிருப்பே. அப்ப உனக்கு அழறதுக்கு வேற காரணமா இல்லை?" என்று அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி போங்க அண்ணி."

"போகத்தான் போறேன். ஆனா இந்தத் தடவை அட்டை என் கழுத்தை விட்டு இறங்காது."

சொன்ன வேகத்தில் அண்ணி திரும்பினாள். பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசியில் போய்க்கொண்டிருந்த மேனேஜரை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"சார், எனக்கு ஒரு நாள் லீவு வேணும்."

மேனேஜரின் முகம் பழக்க தோஷத்தில் அந்தச் சொத்துப் பறிபோகும் முகமாக மாறியது. "எதுக்கு?" என்று தொடங்கினார். அப்புறம் அண்ணியின் தோளுக்கு மேலாக, கைக்குட்டையும் கையுமாக நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வக்கீலம்மாவைக் கண்டார். மீதிக் கேள்வியை மென்று விழுங்கினார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

ரோலர்காரி சிரித்த சிரிப்பில் கட்டுக்குள் இருந்த கை வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.